வரைபடம் ஏமாற்றாமல் இருக்க: தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத் தரவுகளை வைத்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிராம சபைக் கூட்டத்துக்கு அட்டை தயாரிப்பவர்கள், பள்ளி ஆசிரியர்கள், உழவர் உற்பத்தியாளர் குழுக்களில் கணக்கு எழுதுபவர்கள், கல்லூரியில் திட்டக்கட்டுரை எழுதும் மாணவர்கள் ஆகியோருக்காக எழுதிய பக்கம் இது. எக்ஸெல் தெரிந்திருந்தால் போதும், புள்ளியியல் படித்திருக்க வேண்டியதில்லை. கணக்கெடுப்பு, அணை, தரநிர்ணய எண்கள் உண்மையானவை; கிணறு, பள்ளி, விலை எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை.

எண்கள் எல்லாம் சரியாக இருக்கும்போது வரைபடம் எப்படித் தப்பாகும்?

எண்ணைப் படிப்பதற்கு முன்பே கண் நீளத்தைப் படித்துவிடும். பட்டை இரண்டு மடங்கு உயரமாக இருந்தால் இரண்டு மடங்கு என்றுதான் மனதில் பதியும். பிறகு எண்ணைப் பார்த்தாலும் அந்தப் பதிவு அழிவதில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் எழுத்தறிவு விகிதங்களை எடுத்துக்கொள்வோம். தருமபுரி 68.54 சதவீதம், கிருஷ்ணகிரி 71.46, தமிழ்நாடு 80.09. பட்டை வரைபடத்தின் நிலைக்குத்து அச்சை 62-ல் தொடங்கினால் தருமபுரிப் பட்டையின் உயரம் 6.54 அலகு, தமிழ்நாட்டுப் பட்டையின் உயரம் 18.09 அலகு. பார்ப்பவருக்கு மாநிலம் நம் மாவட்டத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு முன்னேறியதாகத் தெரியும். உண்மையில் 80.09 என்பது 68.54-ஐவிட சுமார் 17 சதவீதம்தான் அதிகம். படத்திலோ அந்த வித்தியாசம் 177 சதவீதமாகிவிட்டது.

படத்தில் தெரியும் மாற்றத்தை எண்ணில் உள்ள மாற்றத்தால் வகுத்துப் பார்க்கும் முறையை அமெரிக்கப் புள்ளியியலாளர் எட்வர்ட் டஃப்டி 1983-ல் முன்வைத்தார். விடை 1-ஐ ஒட்டி வந்தால் படம் நேர்மையானது. 0.95-க்குக் கீழே போனாலோ 1.05-க்கு மேலே போனாலோ சந்தேகப்பட வேண்டும் என்பது அவர் கணக்கு. நம் எழுத்தறிவுப் படத்துக்கு விடை பத்துக்கும் மேல்.

அச்சை நான் வெட்டவில்லை, எக்ஸெல்தான் அப்படி வரைந்தது. ஏன்?

உங்கள் எண்களில் மிகச் சிறியது, மிகப் பெரியதில் ஆறில் ஐந்து பங்குக்கு மேல் இருந்தால் எக்ஸெல் தானாகவே பூஜ்ஜியத்தை விட்டுவிடும். அதாவது எண்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கும்போது. தேர்ச்சி விகிதம், எழுத்தறிவு, பால் கொள்முதல் விலை போன்றவை பெரும்பாலும் இந்த வலையில் விழும். மேலே சொன்ன மூன்று எழுத்தறிவு எண்களையும் தட்டி, பட்டை வரைபடம் கேட்டுப் பாருங்கள். பூஜ்ஜியத்தில் தொடங்காது.

சரிசெய்ய: நிலைக்குத்து அச்சின் எண்கள் மேல் வலது கிளிக், ‘ஃபார்மட் ஆக்சிஸ்’, ‘பவுண்ட்ஸ்’ பகுதியில் ‘மினிமம்’ என்ற கட்டத்தில் 0 என்று நீங்களே தட்டுங்கள். ஏற்கெனவே 0 தெரிந்தாலும் தட்டுங்கள். ‘ஆட்டோ’ என்றே விட்டால், அடுத்த மாதம் புதிய எண்ணைச் சேர்க்கும்போது அச்சு மறுபடியும் நகர்ந்துவிடும்.

அப்படியானால் எல்லா வரைபடமும் பூஜ்ஜியத்தில்தான் தொடங்க வேண்டுமா?

பட்டைக்குக் கட்டாயம், ஏனென்றால் பட்டையின் நீளம்தான் அங்கே செய்தி. கோட்டுக்கும் புள்ளிக்கும் கட்டாயமில்லை, அங்கே செய்தி இருப்பது இடத்திலும் சரிவிலும்.

பூஜ்ஜியமே உண்மையை மறைக்கும் இடமும் உண்டு. தருமபுரி மாவட்டத்தில் 0–6 வயதில் 1,000 ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் 2001-ல் (இன்றைய எல்லைப்படி) 826 பேர், 2011-ல் 913 பேர். பெண் சிசுக்கொலைக்குப் பேர்போன மாவட்டத்தில் இது மிகப் பெரிய மாற்றம். பூஜ்ஜியத்திலிருந்து இரண்டு பட்டை வரைந்தால் ஏறத்தாழ ஒரே உயரமாகத் தெரியும், ‘பெரிதாக ஒன்றும் மாறவில்லை’ என்று பார்ப்பவர் கடந்துபோவார். இந்த அளவில் பூஜ்ஜியம் என்பது நடக்கவே முடியாத நிலை. ஒப்பிட வேண்டிய எல்லை 1,000. ஆகவே அச்சை 800 முதல் 1,000 வரை வைத்து, இரண்டு புள்ளி போட்டு, 1,000-ல் ஒரு மெல்லிய கிடைக்கோடு இழுங்கள். எண்ணைப் புள்ளிக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். ‘அச்சு 800-ல் தொடங்குகிறது’ என்று படத்துக்குள்ளேயே ஒரு வரி இருக்கட்டும்.

இரண்டு புள்ளிகளையும் கோட்டால் இணைத்தால் இடையில் இருந்த ஆண்டுகளையும் அளந்ததுபோல ஆகிவிடும். கணக்கெடுப்பு நடந்தது இரண்டு முறைதான். இணைத்தே ஆக வேண்டுமென்றால் விட்டுவிட்டு இழுக்கும் கோடு போதும்.

தருமபுரியின் மக்கள்தொகை பாதியாகக் குறைந்ததாக ஒரு வரைபடம் வந்தது. உண்மையா?

இல்லை. 2001 கணக்கெடுப்பின்போது தருமபுரி பிரிக்கப்படாத மாவட்டம், மக்கள்தொகை 28,56,300. 2004 பிப்ரவரி 9-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. 2011-ல் புதிய எல்லைக்குள் தருமபுரியின் மக்கள்தொகை 15,06,843. இந்த இரண்டையும் ஒரே கோட்டில் இணைத்தால் பத்து ஆண்டுகளில் பாதி ஊர் காலியானதுபோல் தெரியும்.

இன்றைய எல்லைப்படி 2001-ஐப் பிரித்தால் தருமபுரி 12,95,182, கிருஷ்ணகிரி 15,61,118. கூட்டிப் பாருங்கள், சரியாக 28,56,300 வரும். அதிலிருந்து 2011-க்கு வந்தால் தருமபுரி சுமார் 16.3 சதவீதம் வளர்ந்திருக்கிறது. கிருஷ்ணகிரி 18,79,809 ஆகி 20.4 சதவீதம் வளர்ந்திருக்கிறது. சரிவு என்று காட்டப்பட்டது உண்மையில் வளர்ச்சி.

2004-க்கு முந்தைய எந்தத் தருமபுரிப் புள்ளிவிவரத்துக்கும் இது பொருந்தும்: சாகுபடிப் பரப்பு, பள்ளிகளின் எண்ணிக்கை, குற்ற வழக்குகள், எதுவானாலும். எல்லையைச் சமப்படுத்தப் பழைய வட்டவாரி (தாலுகாவாரி) தரவு கிடைத்தால் அதைக் கூட்டிப் பயன்படுத்துங்கள். கிடைக்காவிட்டால் 2004-ல் கோட்டை முறித்து, அந்த இடத்தில் ‘மாவட்டப் பிரிப்பு’ என்று எழுதுங்கள். புதிய வட்டங்கள் உருவானபோதும் இதே சிக்கல்தான், ஆகவே வட்டவாரி வரைபடத்தில் எந்த ஆண்டின் எல்லை என்று குறிப்பிடாமல் விடாதீர்கள்.

அணை நீர்மட்டத்தை அடிக்கணக்கில் காட்டினால் போதாதா?

எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதுதான் கேள்வி என்றால் போதாது. ஒகேனக்கல் வழியாகப் போகும் காவிரி சேரும் மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. நீர்மட்டம் 60 அடி என்றால் பாதி அணை என்று தோன்றும். அப்போது இருப்பது சுமார் 25 டி.எம்.சி.தான், கால் பங்கைவிடச் சற்று அதிகம். அணை அடியில் குறுகி மேலே விரிந்திருப்பதால் மேல் அடிகளில்தான் தண்ணீர் அதிகம் நிற்கும். கிருஷ்ணகிரி அணையின் 52 அடியையும் இப்படி நேர்விகிதத்தில் வாசிக்கக் கூடாது. பாசனத்தைப் பற்றிப் பேசும் படத்தில் கொள்ளளவைக் காட்டுங்கள். உபரிநீர்த் திறப்பைப் பற்றிய எச்சரிக்கை என்றால் அடிக்கணக்கு சரி.

கிணற்று நீர்மட்டம் இன்னொரு வகை ஆபத்து. அதைத் தரையிலிருந்து எத்தனை மீட்டர் ஆழத்தில் என்று அளக்கிறோம். ஜனவரியில் 8 மீட்டர், மே மாதத்தில் 14 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அப்படியே வரைந்தால் கோடு மேலே ஏறும், தண்ணீரோ கீழே போயிருக்கும். இந்த ஒரு வரைபடத்தில் அச்சைத் தலைகீழாக்குவதுதான் நேர்மை. பூஜ்ஜியம் மேலே, அதில் ‘தரைமட்டம்’ என்ற எழுத்து, ஆழம் கீழ்நோக்கி. எக்ஸெலில் ‘ஃபார்மட் ஆக்சிஸ்’ பகுதியில் ‘வேல்யூஸ் இன் ரிவர்ஸ் ஆர்டர்’ என்பதை டிக் செய்தால் போதும்.

குடிநீரில் ஃப்ளோரைடு அளவை ஊராட்சிவாரியாக நிறமிட்டுக் காட்டலாமா?

நம் இரு மாவட்டங்களிலும் மிகக் கவனமாகச் செய்ய வேண்டிய வரைபடம் இதுதான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் தடுப்பு இருக்கிறது. பல்லில் கறை, எலும்பில் பாதிப்பு என்று மக்களின் உடம்போடு சம்பந்தப்பட்ட எண் இது.

முதல் தவறு சராசரி. ஓர் ஊராட்சியில் இரண்டு ஆழ்துளைக் கிணறுகள். ஒன்றில் லிட்டருக்கு 0.4 மில்லிகிராம், மற்றொன்றில் 2.2. சராசரி 1.3. இந்தியத் தர நிர்ணயப்படி விரும்பத்தக்க அளவு 1.0, மாற்று ஆதாரம் இல்லாத இடத்தில் அனுமதிக்கப்படும் உச்ச அளவு 1.5. சராசரியை வைத்து நிறமிட்டால் ஊராட்சி முழுவதும் ‘அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்’ என்று வந்துவிடும். 2.2 உள்ள கிணற்றில் தண்ணீர் பிடிக்கும் தெருவுக்கு அந்தப் படத்தால் ஆபத்து. எனவே ஊராட்சியை நிறமிடாதீர்கள். ஒவ்வொரு கிணற்றையும் ஒரு புள்ளியாக வைத்து, புள்ளிக்கு நிறம் கொடுங்கள்.

இரண்டாவது, நிற எல்லை. மென்பொருளிடம் விட்டால் தரவைச் சம பங்காகப் பிரித்து 0.83, 1.27 என்று ஏதாவது எல்லை வைக்கும். அந்த எண்களுக்குக் குடிநீரில் எந்தப் பொருளும் இல்லை. 1.0, 1.5 என்று நீங்களே எல்லை கொடுங்கள். மூன்றே நிறம் போதும்.

மூன்றாவது, மாதிரி எடுத்த மாதமும் கிணற்றின் ஆழமும். மழைக்கு முன்பும் பின்பும் அளவு மாறக்கூடும். மே மாத மாதிரியையும் டிசம்பர் மாத மாதிரியையும் ஒரே படத்தில் கலந்தால் இடத்தின் வித்தியாசமா காலத்தின் வித்தியாசமா என்று பிரிக்க முடியாது. சோதிக்கப்படாத ஊரை வெறுமையாக விடாமல் சாம்பல் நிறமிட்டு ‘மாதிரி எடுக்கப்படவில்லை’ என்று எழுதுங்கள், இல்லையென்றால் வெள்ளை என்றால் நல்ல தண்ணீர் என்று எடுத்துக்கொள்வார்கள்.

மழைப் படத்தில் பக்கத்து மாவட்டம் பச்சை, நாங்கள் சிவப்பு. அவ்வளவு வித்தியாசமா?

இருக்க வேண்டியதில்லை. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வகைப்பாட்டில் இயல்பிலிருந்து 19 சதவீதம் கூடுதல் அல்லது குறைவு வரை ‘இயல்பு’. 20 முதல் 59 சதவீதம் குறைந்தால் ‘பற்றாக்குறை’. ஒரு மாவட்டம் மைனஸ் 19, அடுத்தது மைனஸ் 20 என்றாலும் நிறம் மாறிவிடும். அதே சமயம் மைனஸ் 20-ம் மைனஸ் 59-ம் ஒரே நிறத்தில் இருக்கும். நிறத்தைப் பார்த்துவிட்டு அதிலுள்ள சதவீதத்தைப் படியுங்கள். நீங்களே தயாரிக்கும்போது சதவீதத்தோடு மில்லிமீட்டரையும் எழுதுங்கள். கோடைக்கு முந்தைய ஜனவரி, பிப்ரவரியில் இயல்பு மழையே மிகக் குறைவு என்பதால் ஒரு நாள் தூறலிலேயே ‘மிக அதிகம்’ என்று வரும்.

வட்ட விளக்கப்படம் எப்போது சரி?

ஒரு முழுமையின் பங்குகளாக இருந்து, மொத்தம் 100 வந்து, பங்குகள் நான்கைந்துக்கு மேல் போகாதபோது. ‘உங்கள் வீட்டுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?’ என்ற கணக்கெடுப்புக்கு வட்டம் சரிவராது. ஒரே வீட்டில் ஒகேனக்கல் குழாயும் இருக்கும், ஆழ்துளைக் கிணறும் இருக்கும், கேன் தண்ணீரும் வாங்குவார்கள். பதில்களின் கூட்டுத்தொகை 100-ஐத் தாண்டும். எக்ஸெல் அதைச் சொல்லாமலேயே 100-க்குச் சுருக்கி வரைந்துவிடும். அதற்குக் கிடைப் பட்டைகள்தான் சரி.

வில்லியம் கிளீவ்லேண்ட், ராபர்ட் மெக்கில் ஆகியோர் 1984-ல் வெளியிட்ட ஆய்வின்படி, பொதுவான ஒரே அச்சில் உள்ள இடத்தைக் கண் மிகத் துல்லியமாக ஒப்பிடுகிறது. நீளமும் கோணமும் அதற்குப் பிறகு, பரப்பளவு இன்னும் பின்னால். முப்பரிமாண வட்டத்தை எதற்குமே பயன்படுத்தாதீர்கள். முன்பக்கம் இருக்கும் துண்டு, அதன் பக்கச்சுவரும் சேர்ந்து, பெரிதாகத் தெரியும்.

மாம்பழப் படத்தைப் பெரிதாக்கி விளைச்சலைக் காட்டினால் அழகாக இருக்குமே?

விளைச்சல் இரண்டு மடங்கானது என்று மாம்பழத்தை இரண்டு மடங்கு உயரமாக்கினால் அகலமும் இரண்டு மடங்காகும். காகிதத்தில் அது நான்கு மடங்கு இடம் பிடிக்கும். உருண்டையாக நிழல் போட்டிருந்தால் எட்டு மடங்காக மனதில் படும். ஒரே அளவுள்ள சின்ன மாம்பழத்தைத் திரும்பத் திரும்ப அடுக்குங்கள், ‘ஒரு பழம் = 1,000 டன்’ என்று எழுதுங்கள். பள்ளிப் பாடப்புத்தகத்தில் பட விளக்கப்படம் என்று சொல்லிக்கொடுப்பதும் இதைத்தான். பெரிதாக்கியே தீர வேண்டுமென்றால் பக்கத்தை 1.41 மடங்கு மட்டும் கூட்டினால் பரப்பு இரண்டு மடங்காகும்.

தக்காளி விலையையும் மழையையும் ஒரே படத்தில் இடதும் வலதுமாக இரண்டு அச்சு வைத்துக் காட்டலாமா?

வேண்டாம். இரண்டு அச்சுகளின் தொடக்கத்தையும் முடிவையும் நகர்த்தி, கோடுகளை ஒட்ட வைக்கவும் வெட்ட வைக்கவும் விலக வைக்கவும் முடியும். ஆகவே அவை வெட்டிக்கொள்ளும் இடத்துக்கு எந்த அர்த்தமும் கிடையாது. ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு சிறிய படம் வரைந்து மாதங்களை நேர்கோட்டில் வையுங்கள்.

பாலக்கோடு, ராயக்கோட்டைத் தக்காளி விலை, பட்டுக்கூடு விலை: எதைக் கவனிக்க வேண்டும்?

தக்காளிக்கு முதலில் அலகு. பெட்டி விலையா, கிலோ விலையா? பெட்டியின் எடை இடத்துக்கு இடம் மாறும், ஆகவே கிலோவுக்கு மாற்றிய பிறகே ஒப்பிடுங்கள். விவசாயிக்குக் கிடைத்த விலையா, கடையில் விற்ற விலையா என்பதும் படத்தில் இருக்க வேண்டும். போன மாதத்தோடு ஒப்பிட்டு ‘விலை சரிந்தது’ என்பது பெரும்பாலும் பருவ மாற்றம்தான். போன வருடம் இதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். மாம்பழத்தில் அல்போன்சா, மல்கோவா போன்ற ரகங்கள் ஒரு வருடம் காய்த்தால் மறுவருடம் குறையும். காய்ப்புக் குறைந்த வருடத்தில் வரைபடத்தைத் தொடங்கினால் எல்லாமே வளர்ச்சியாகத் தெரியும். குறைந்தது ஐந்தாறு பருவங்களைக் காட்டுங்கள்.

பட்டுக்கூடு அங்காடியில் தரத்துக்கேற்ப ஒரே நாளில் விலை வெகுவாக மாறும். அதிகபட்ச விலையை மட்டும் கோடாக வரைந்தால் அது சிலருக்கு மட்டும் கிடைத்த விலை. குறைந்த விலையிலிருந்து அதிக விலை வரை ஒரு செங்குத்துக் கோடு, அதில் சராசரிக்கு ஒரு புள்ளி என்று காட்டுங்கள். சராசரியை எடையோடு கணக்கிடுங்கள். 100 கிலோ 600 ரூபாய்க்கும் 900 கிலோ 400 ரூபாய்க்கும் போனால் சராசரி 500 இல்லை, 420.

ஒரு மலைக்கிராமப் பள்ளி 100-லிருந்து 87.5 சதவீதத்துக்குச் சரிந்ததாகச் செய்தி. கவலைப்பட வேண்டுமா?

எட்டுப் பேர் எழுதிய பள்ளியாக இருந்தால் ஒரு பிள்ளை தவறியிருக்கிறது, அவ்வளவுதான். வத்தல்மலை, சித்தேரி, அஞ்செட்டிப் பக்கத்துச் சிறு பள்ளிகளை 300 பேர் எழுதிய நகரப் பள்ளியோடு ஒரே தரவரிசையில் வைத்தால் சிறிய பள்ளிகள் ஒரு வருடம் உச்சியிலும் மறுவருடம் அடியிலும் கிடக்கும். கற்பித்தல் மாறியிருக்காது. 30 பேருக்குக் குறைவாக எழுதிய இடங்களில் சதவீதத்துக்குப் பதில் ‘8-ல் 7’ என்றே எழுதுவது நல்லது. மூன்று ஆண்டுகளைக் கூட்டியும் காட்டலாம்.

சில மாதங்களின் தரவு இல்லை. என்ன செய்வது?

கட்டத்தை வெறுமையாக விடுங்கள், 0 தட்டாதீர்கள். பிறகு வரைபடத்தின் மேல் வலது கிளிக், ‘செலக்ட் டேட்டா’, ‘ஹிடன் அண்ட் எம்ப்டி செல்ஸ்’, அதில் ‘கேப்ஸ்’. கோடு அங்கே முறிந்து தெரியும். 2019, 2020, 2023 என்று தரவு இருந்து இடையில் ஆண்டுகள் விட்டுப்போயிருந்தால் சாதாரணக் கோட்டு வரைபடம் அவற்றைச் சம இடைவெளியில் வைத்துவிடும். ‘ஸ்கேட்டர்’ வகையைத் தேர்ந்தெடுத்தால் மூன்றாண்டு இடைவெளி மூன்று மடங்கு அகலமாகவே வரும்.

நாட்களின் வரிசையையும் சரிபாருங்கள். 2020 மே மாதத்தில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலச் சுகாதாரத் துறை வெளியிட்ட கொரோனா வரைபடத்தில் தேதிகள் வரிசைப்படி இல்லாமல், பட்டைகள் உயரத்திலிருந்து தாழ்வுக்கு அடுக்கப்பட்டிருந்தன. தொற்று சீராகக் குறைவதுபோலத் தெரிந்தது. எதிர்ப்பு வந்ததும் திருத்தினார்கள்.

நிறம், எழுத்து, அச்சு பற்றி?

கிராம சபை அட்டை பெரும்பாலும் கறுப்பு வெள்ளை ஜெராக்ஸாகத்தான் கைக்கு வரும். சிவப்பும் பச்சையும் அதில் ஒரே சாம்பல் ஆகிவிடும். வண்ணத்தில் பார்த்தாலும் ஆண்களில் சிலருக்கு இந்த இரண்டையும் பிரித்தறிய முடியாது. நீலமும் ஆரஞ்சும் பாதுகாப்பான ஜோடி. ஒரே நிறத்தின் வெளிர், நடுத்தரம், அடர்த்தி என்று போவது அதைவிட நல்லது. முடிந்த இடத்தில் நிற விளக்கப் பெட்டியையே எடுத்துவிட்டு, பெயரைக் கோட்டின் முனையில் எழுதுங்கள்.

‘வானவில்’ போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய தலைப்பு, அது இல்லாத கணினியில் குப்பையாகத் தெரியும். யூனிகோடில் தட்டி, பி.டி.எஃப். ஆக மாற்றி அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சின்ன எண்கள் மங்கும், ‘டாக்குமென்ட்’ ஆக இணையுங்கள். ஃபிளெக்ஸ் பலகைக்கு 10 அடி தூரத்துக்கு ஓர் அங்குல எழுத்து என்று வைத்துக்கொள்ளலாம். அச்சில் லட்சமும் மில்லியனும் கலக்கக் கூடாது.

படத்தின் அடியில் என்ன எழுத வேண்டும்?

எந்த இடம், எந்தக் காலம், என்ன அலகு, எத்தனை பேரிடம் அல்லது எத்தனை கிணற்றில் அளந்தது, தரவு யாருடையது. இரண்டு வரியில் அடங்கிவிடும்.

தவறான வரைபடம் ஏற்கெனவே அச்சாகிப் பரவிவிட்டது. இப்போது?

பழையதை அழித்துவிட்டு ஒன்றும் நடக்காததுபோல இருக்க வேண்டாம். திருத்திய படத்தில் தேதியோடு ‘திருத்தப்பட்டது’ என்று மேலேயே எழுதி, என்ன மாறியது என்று ஒரு வரி சேருங்கள்: ‘முந்தைய படத்தில் அச்சு 62-ல் தொடங்கியது, இதில் 0-வில் தொடங்குகிறது, எண்களில் மாற்றம் இல்லை’ என்பதுபோல. முதல் படம் போன அதே குழுக்களுக்கே அனுப்புங்கள். அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தால் பழையதன் மேலேயே ஒட்டுங்கள், பக்கத்தில் ஒட்டினால் இரண்டில் எது சரி என்று யாருக்கும் தெரியாது.